காதேஷ் போரின் சுவர்கள்: எகிப்துப் பயணக் குறிப்புகள்

கெய்ரோ, திங்கட்கிழமை

காதேஷ் போர்க்களம் இருப்பது சிரியாவில். இன்றைய ஹோம்ஸ் நகருக்குத் தென்மேற்கே, ஒரோன்டெஸ் ஆற்றங்கரையில், டெல் நெபி மெண்ட் என்று அழைக்கப்படும் மண்மேடாக அந்தப் பழைய கோட்டை நகரம் கிடக்கிறது. ஆனால் கி.மு. 1274-ஐ ஒட்டி அங்கே நடந்த தேர்ப்போரைக் கண்ணால் காண விரும்புகிறவர் எகிப்துக்குத்தான் வர வேண்டும். எகிப்தின் சார்பில் போரை நடத்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸ், அதை அபிடோஸ், கர்னாக், லக்சர், ராமேசியம், அபு சிம்பெல் ஆகிய ஐந்து இடங்களில் கோயிற் சுவர்களில் செதுக்கி வண்ணம் தீட்டச் செய்தார். சோழர்கள் தங்கள் மெய்க்கீர்த்தியை ஊருக்கு ஊர் கல்லில் வெட்டியதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு, இங்கே சொற்களோடு ஓவியமும் சேர்ந்து வருகிறது. அபிடோஸ் வழியில் இல்லாததால் அதை விட்டுவிட்டு, மற்ற நான்கையும் நிதானமாகப் பார்ப்பதென்று முடிவு செய்து வந்திருக்கிறோம்.

உடன் வந்திருப்பவர் என் மைத்துனர். திருநெல்வேலியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு மன்னர்களைப் பற்றி அக்கறை கிடையாது. சக்கரங்களைப் பற்றி உண்டு.

போரின் சுவர்களுக்குச் செல்லும் முன் அதற்கு அரை நூற்றாண்டு முந்திய ஒரு மரப்பெட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே இன்று கிசா பிரமிடுகளுக்கு அருகில் உள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமுன் கல்லறையின் முன்னறையில் கிடைத்த பெட்டி அது. ஏறத்தாழ 60 செ.மீ. நீளம், மரத்தின் மேல் சுதை பூசி, அதன் மேல் தீட்டிய நுண்ணிய ஓவியம். மூடியில் வேட்டைக் காட்சிகள்; நீளமான பக்கங்களில் ஒன்றில் சிரியர்களோடும் மற்றொன்றில் எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த நூபியர்களோடும் தேர்ப்போர். உள்ளே இருந்தவை காலணிகளும் ஆடைகளும்தாம்.

இந்தச் சிறு பெட்டியில் எகிப்தியப் போர் ஓவியத்தின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நடுவில் மன்னர், மற்ற எவரையும் விடப் பல மடங்கு பெரியவராக, தேர்த்தட்டில் தனியாக நின்று வில்லை வளைத்திருக்கிறார். கடிவாள வார்கள் அவருடைய இடுப்பில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கின்றன. அதாவது வலவன் இல்லாமலேயே அவர் தேரையும் செலுத்துவார், அம்பையும் எய்வார். அவருக்குப் பின்னால் எகிப்தியப் படை வரிசை வரிசையாக, கோடு போட்ட ஒழுங்கோடு வருகிறது. அவருக்கு முன்னால் இருக்கும் எதிரிகளுக்கு வரிசை என்பதே இல்லை. தலைகீழாக, குறுக்கும் நெடுக்குமாக, ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து கிடக்கிறார்கள், வேட்டை நாய்கள் அவர்களைக் கடிக்கின்றன. ஒழுங்கின் பக்கம் மன்னர், குழப்பத்தின் பக்கம் பகைவர். நடுவே ஒரு தேர். பத்தொன்பது வயதை ஒட்டி இறந்துபோன அந்த இளைஞர் இப்படியொரு போரைத் தலைமை தாங்கி நடத்தினாரா என்பது ஓவியருக்குப் பொருட்டல்ல. மன்னர் என்றால் இப்படித்தான் தீட்ட வேண்டும்.

அதே கல்லறையில் பகுதி பகுதியாகக் கிடைத்த ஆறு தேர்களும் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. மைத்துனர் பெட்டியிடம் ஐந்து நிமிடமும் தேர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நின்றார். "அத்தான், அச்சு எங்கே இருக்கிறது பாருங்கள், தட்டின் பின்விளிம்பில்!" என்று அவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் நானும் கவனித்தேன். அச்சு பின்னால் இருப்பதால் நிற்பவர்களின் எடையில் ஒரு பகுதி ஏர்க்கால் வழியாக நுகத்துக்குப் போய்விடுகிறது. வேகமாகத் திரும்பும்போது தேர் கவிழ்வதும் குறைகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஆறு ஆரக்கால்கள். அவை ஒற்றைக் கட்டைகள் அல்ல. மரத்தைச் சூட்டில் வளைத்து, இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒட்டி, ஈரத் தோலால் இறுகக் கட்டி உலர்த்தியவை. தட்டு பலகையால் ஆனதல்ல, தோல்வார்ப் பின்னல். மேட்டுப் பள்ளத்தில் ஓடும்போது அதுவே வில் போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். இத்தனை மெலிந்த ஒன்றின் மேல் நின்றுகொண்டு நாலுகால் பாய்ச்சலில் அம்பு எய்தவர்கள் எவ்வளவு பயிற்சி பெற்றவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் வியந்தார். இடுப்பில் கட்டிய கடிவாளத்தைப் பற்றி அவருடைய தீர்ப்பு சுருக்கமானது: "ஒரு குதிரை இடறினால் ராஜா கீழே."

லக்சர், செவ்வாய்க்கிழமை

காலை விமானத்தில் வந்து, வெயில் தணியும் வரை விடுதியில் இருந்துவிட்டு, மாலை லக்சர் கோயிலுக்குப் போனோம். வாயிற்கோபுரத்தின் இரு சுவர்களும் ஏறத்தாழ 24 மீட்டர் உயரம். முன்னால் நிற்பது ஒரே ஒரு தூபி, ஒற்றைக் கல்லால் ஆன உயர்ந்த ஊசித்தூண்; இணையாக நின்ற இன்னொன்று 1836 முதல் பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் இருக்கிறது. கூட்டம் தூபியையும் சிலைகளையும் படமெடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்துவிடுகிறது. கோபுரச் சுவரின் வெளிமுகத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. வண்ணம் முற்றிலும் போய்விட்டது. வெட்டுக்கோடுகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. நடுப்பகலில் அவையும் தெரியாது. கதிரவன் சரிந்த பிறகும் விளக்குகள் கீழிருந்து மேல் நோக்கி எரியும்போதும்தான் கோடுகளில் நிழல் விழுந்து குதிரைகள் எழுந்து நிற்கின்றன. ஆகவே இங்கே வருகிறவர்கள் மாலையில் வருவது நல்லது.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ராம்சேஸ் தம் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், அமுன், ரா, ப்தா, சேத் என்னும் தெய்வங்களின் பெயர் தாங்கிய நான்கு படைப்பிரிவுகளோடு, இன்றைய துருக்கியில் தலைநகர் கொண்டிருந்த ஹிட்டைட் பேரரசின் பிடியில் இருந்த காதேஷை மீட்கப் புறப்பட்டார். வழியில் பிடிபட்ட ஷாசு நாடோடிகள் இருவர், ஹிட்டைட் மன்னர் முவதல்லி பயந்துபோய் வடக்கே அலெப்போ பக்கம் நின்றுவிட்டார் என்று கூறினர். அது ஹிட்டைட்டுகள் கற்றுக்கொடுத்து அனுப்பிய பொய். அதை நம்பி, மற்ற மூன்று பிரிவுகள் நெடுந்தொலைவு பின்தங்கியிருக்க, அமுன் பிரிவோடு மட்டும் முன்னேறிக் காதேஷுக்கு வடமேற்கே மன்னர் பாசறை இறங்கினார். உண்மையில் முவதல்லியின் முழுப் படையும் கோட்டைக்குப் பின்புறம் மறைந்திருந்தது. எகிப்தியப் பாடம் கூறும் கணக்குப்படி 2,500 தேர்கள், தேருக்கு மூவர், ஆற்றைக் கடந்து வந்து, அணிவகுத்து நடந்துகொண்டிருந்த ரா பிரிவைப் பக்கவாட்டில் பிளந்து, ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே பாசறைக்குள் புகுந்தன.

இத்தனையும் கோபுரச் சுவரில் இருக்கிறது. கோயிலை நோக்கி நின்றால் வலப்புறம் இருக்கும் மேற்குச் சுவரில், அரியணையில் அமர்ந்து மன்னர் தம் அதிகாரிகளோடு ஆலோசனை நடத்துகிறார். பிடிபட்ட ஹிட்டைட் ஒற்றர்கள் இருவரைக் கோலால் அடித்து உண்மையைக் கக்க வைக்கிறார்கள். பக்கத்திலேயே கேடயங்களை வேலி போல நட்டு அரண் செய்த பாசறை. அதற்குள் பகைவர் தேர்கள் நுழைந்துவிட்டன. இடப்புறக் கிழக்குச் சுவரில்தான் நாம் பெட்டியில் பார்த்த அந்த மன்னர், அதே பேருருவம், அதே வளைந்த வில், பாய்கிற இரண்டு குதிரைகள். அவரைச் சூழ்ந்த ஹிட்டைட் தேர்கள் சிதறிக் காதேஷை நோக்கி ஓடுகின்றன. கோட்டையைச் சுற்றி நீர். மதில் மேல் காவலர்கள். கோடியில் தம் காவற்படை சூழத் தேரில் முவதல்லி. அவர் மன்னரைக் கண்டு அஞ்சுவதாக எழுத்து சொல்கிறது.

வழிகாட்டிகள் இதை வெற்றிச் சித்திரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டியின் இலக்கணப்படி குழப்பம் எதிரியின் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். இங்கோ பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு எகிப்தியப் பாசறையின் குழப்பம் நிற்கிறது. ஒற்றரிடம் ஏமாந்ததையும் பாசறை உடைந்ததையும் ஒரு மன்னர் தம் கோயில் வாசலிலேயே செதுக்கி வைத்தது ஏன் என்று கேட்டால், கீழே செங்குத்து வரிகளில் ஓடும் நீண்ட பாடல் பதில் சொல்கிறது: படை ஓடிவிட்டது, நான் தனியாக நின்றேன், அமுன் தேவனை அழைத்தேன், அவன் கை கொடுத்தான். மன்னரின் தனிமை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் மற்றவர்களின் ஓட்டத்தையும் காட்டியே ஆக வேண்டும். தம்மை உயர்த்துவதற்காகத் தம் படையைத் தாழ்த்தினார். அந்தத் தற்பெருமையின் புண்ணியத்தில்தான் நமக்கு இவ்வளவு உண்மை கிடைத்திருக்கிறது.

பாடலுக்கும் படத்துக்கும் இடையே ஒரு முரணும் உண்டு. படத்தில் மன்னர் தேரில் தனியே நிற்கிறார். பாடலில் அவருடன் மென்னா என்னும் பணியாள், தேரில் கேடயம் பிடிப்பவர், இருக்கிறார். எதிரிகளின் தேர்கள் சூழ்ந்ததைக் கண்டு நடுங்கி, தப்பிப் போய்விடலாம் என்று மன்னரிடம் மன்றாடுகிறார். குதிரைகளின் பெயர்களும் பாடலில் வருகின்றன: ஒன்று 'தீப்ஸில் வெற்றி', மற்றொன்று 'மூத் மனநிறைவு கொண்டாள்'. தீப்ஸ் என்பது லக்சரின் பழைய பெயர், மூத் அமுனின் துணைவியான தெய்வம். தம்மைக் கைவிடாதவை இந்தக் குதிரைகளே என்றும், அரண்மனையில் நாள்தோறும் தாமே அவற்றுக்குத் தீனி வைக்கப்போவதாகவும் மன்னர் சொல்கிறார். ஓடிப்போன தளபதிகளுக்கு இதைவிடப் பெரிய வசை தேவையில்லை.

மேற்குக் கரை, புதன்கிழமை

நைலைப் படகில் கடந்து ராமேசியம் சென்றோம். இது ராம்சேஸின் இறப்புக்குப் பின்னரும் அவருக்கு வழிபாடு நடப்பதற்காகக் கட்டிய கோயில். முதல் வாயிற்கோபுரம் சரிந்து குலைந்து கிடக்கிறது. இரண்டாவதில் பாதிதான் நிற்கிறது. ஆயிரம் டன் எடை இருக்கும் என்று மதிப்பிடப்படும் மன்னரின் அமர்ந்த சிலை உடைந்து மண்ணில் கிடக்கிறது. வருகிறவர்கள் அனைவரும் அதைச் சுற்றியே நிற்பதால், இரண்டாம் கோபுரத்தின் உள்முகச் சுவர் எங்களுக்குத் தடையின்றிக் கிடைத்தது.

கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்துக்கு வந்த கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், இப்படியொரு கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆறு சூழ்ந்த ஒரு கோட்டையை மன்னர் முற்றுகையிடும் காட்சி சுவரில் இருந்ததாகவும், அவருக்குத் துணையாக ஒரு சிங்கம் போரிட்டதாகவும் அவர் குறிப்பு சொல்கிறது. சிங்கம் பொய்யல்ல. காதேஷ் பாசறைக் காட்சிகளில் மன்னரின் கூடாரத்தருகே ஒரு வளர்ப்புச் சிங்கம் படுத்திருக்கிறது. போர் நடந்து பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் ஓர் அயல்நாட்டாருக்கு அந்த ஆறும் கோட்டையும் சிங்கமும் சுவரிலிருந்து புரிந்திருக்கின்றன. எழுத்து தெரியாதவருக்கும் படம் கதை சொல்லியிருக்கிறது.

நான் பார்க்க வந்தது ஆற்றைத்தான். ஒரோன்டெஸ் கோட்டையைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. அதன் இக்கரை முழுவதும் மன்னரின் தேருக்கு முன்னால் விழுந்த குதிரைகளும் கவிழ்ந்த தேர்களும் வீரர்களும். பல ஹிட்டைட்டுகள் ஆற்றில் குதித்து நீந்துகிறார்கள், சிலர் மூழ்குகிறார்கள். அக்கரையில் ஒரு சிறு கூட்டம், நீரிலிருந்து இழுத்தெடுத்த ஒருவரைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, குடித்த தண்ணீரைக் கொட்ட வைக்கிறது. அவர் யார் என்பதை எழுத்து குறிக்கிறது: அலெப்போவின் அரசர். எகிப்தியக் கலைஞர்கள் சிரித்துக்கொண்டே செதுக்கியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் உற்றுப் பார்த்தால் கேலியைத் தாண்டிய ஒன்று அங்கே இருக்கிறது. தூக்கிப் பிடிக்கும் வீரர்களின் தோள்கள் சாய்ந்திருக்கும் விதத்தில் பதற்றம் தெரிகிறது. தங்கள் தலைவனைக் காப்பாற்றத் துடிக்கும் மனிதர்களாகவே பகைவர்கள் வரையப்பட்டிருக்கிறார்கள். பெட்டியில் குவியலாகக் கிடந்த எதிரிகளுக்கு ஆளுக்கொரு முகம் தர ஓவியருக்கு இடமிருக்கவில்லை. இங்கே இடமிருக்கிறது, இடத்தைக் கலைஞர் வீணாக்கவும் இல்லை.

ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்து பார்த்ததில் இன்னொன்று தெளிவாயிற்று. எகிப்தியக் கலையில் ஓவியங்கள் வழக்கமாகக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு உருவத்துக்கும் காலூன்ற ஒரு கோடு உண்டு. காதேஷ் ஓவியங்களில் ஆறும் கோட்டையும் நிலப்படம் போல, மேலிருந்து பார்ப்பதாக விரிக்கப்பட்டு, அவற்றின் வளைவுகளுக்கு ஏற்பப் போர் பரவுகிறது. பட்டைகள் முழுதும் மறையவில்லை. ஆனால் இடம் என்ற ஒன்று ஓவியத்துக்குள் வந்துவிடுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து தேர்கள் வந்தன, எங்கே பாசறை, எங்கே ஆறு என்பதைச் சுவரிலிருந்தே ஓரளவு வரைந்துகொள்ள முடிகிறது. போர் முறைகளை ஆராய்கிறவர்கள் இப்போரை மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசுவதற்கு, பாடலைப் போலவே இந்தச் சுவர்களும் காரணம்.

கர்னாக், வியாழக்கிழமை

கர்னாக்கின் தூண் மண்டபத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்; நாங்கள் அதன் வெளிச்சுவர்களுக்குத்தான் வந்தோம். வடக்கு வெளிச்சுவர் ராம்சேஸின் தந்தை முதலாம் சேத்தியின் போர்களுக்கு உரியது. மணற்கல்லில் அகலமாக, ஆழமாக, அலட்டலின்றி வெட்டியிருக்கிறார்கள். மேற்கு ஓரத்தில் ஒரு காட்சியில் சேத்தி தேரில் பாய, எதிரே மலைமேல் ஒரு கோட்டை. மதிலில் நிற்பவர்கள் மேல் அம்புகள் தைத்திருக்கின்றன. கீழே ஓர் இடையர் தம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போருக்குள்ளிருந்து தப்ப முயல்கிறார். அந்தக் கோட்டையின் பெயர் காதேஷ். தந்தை ஒரு முறை பிடித்த ஊர் இது. அவருடைய கல்வெட்டின் ஒரு துண்டு டெல் நெபி மெண்ட் மேட்டிலேயே கிடைத்திருக்கிறது. பிடித்த ஊர் பின்னர் கைநழுவிப் போனதால்தான் மகன் மீண்டும் புறப்பட வேண்டியிருந்தது.

தந்தையின் சுவரில் கோட்டை வீழ்கிறது. மகனின் சுவர்களில்? இரண்டு நாட்களாகப் பார்த்த லக்சரையும் ராமேசியத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். கோட்டைக் கதவு உடையவில்லை, மதில் மேல் அம்பு பட்டுத் தொங்கும் காவலர்கள் இல்லை, சரணடைந்து கையுயர்த்துகிறவர்கள் இல்லை. எகிப்திய ஓவியங்களில் தோற்ற ஊரை அடையாளம் காட்டும் குறிகள் இவை. இவை ஒன்றுகூட அந்தச் சுவர்களில் என் கண்ணில் படவில்லை. அபு சிம்பெலில் சரிபார்க்க வேண்டும்.

தெற்கு வெளிச்சுவருக்கு வந்தால் வேடிக்கை. அங்கே ராம்சேஸ் முதலில் காதேஷ் போரைத்தான் செதுக்க வைத்தார். பிறகு அதை அழித்துவிட்டு, சுதை பூசி, அதே கல்லில் வேறு படையெடுப்புகளை வெட்டச் செய்தார். சுதை உதிர்ந்துபோனதால் இன்று இரண்டு போர்களின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரு குதிரையின் வயிற்றுக்குள் இன்னொரு தேரின் சக்கரம். மைத்துனர் அரை மணி நேரம் செலவழித்துச் சக்கரங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்.

அதே பக்கத்தில், ஏழாம் வாயிற்கோபுரத்துக்குச் செல்லும் முற்றத்தின் மேற்கு வெளிச்சுவரில், நெருக்கமான எழுத்துகளால் ஆன ஒரு பெரும் கல்வெட்டு இருக்கிறது. படம் இல்லாததால் யாரும் நிற்பதில்லை. போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, ராம்சேஸின் இருபத்தோராம் ஆட்சியாண்டில், முவதல்லியின் தம்பி மூன்றாம் ஹத்துசிலியோடு செய்துகொண்ட அமைதி உடன்படிக்கை அது. மூலம் வெள்ளித் தகடுகளில் எழுதப்பட்டது. அக்காதிய மொழியில் எழுதிய களிமண் பிரதி 1906-இல் துருக்கியில், ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவின் அகழாய்வில் வெளிப்பட்டது. இரு தரப்பின் வாசகமும் கிடைத்த மிகப் பழைய உடன்படிக்கை என்பதால் அதன் பிரதியொன்று நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஹத்துசாவின் ஆவணங்கள் போரைப் பற்றியும் பேசுகின்றன: எகிப்து மன்னரை முவதல்லி வென்றார் என்பது அவற்றின் கூற்று. போருக்குப் பிறகு காதேஷும் அதற்கு மேற்கே கடலோரம் இருந்த அமுர்ரு நாடும் ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்தன. தமஸ்கஸ் சுற்றுவட்டாரம் வரை அவர்கள் படை இறங்கியும் வந்தது. வரைபடத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் வென்றவர் ராம்சேஸ் அல்லர்.

அஸ்வான், வெள்ளிக்கிழமை

லக்சரிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் பகலின் பெரும்பகுதி போய்விட்டது. எஞ்சிய நேரத்தில் பெரிய அணைக்கட்டுக்கு அருகே படகெடுத்து, புதிய கலாப்ஷா தீவில் உள்ள பெய்த் எல்-வாலி என்னும் சிறு குடைவரைக் கோயிலைப் பார்த்தோம். அணை நீரில் மூழ்காமலிருக்க 1960-களில் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. ராம்சேஸின் இளமைக்காலக் கோயில். காதேஷ் இதில் இல்லை. முன்முற்றத்தின் ஒரு சுவரில் நூபியர்களுக்கு எதிரான தேர்ப்படையெடுப்பு. மன்னரும், பின்னால் தனித்தனித் தேர்களில் அவருடைய சிறு மகன்கள் இருவரும் பாய்கிறார்கள். இதன் வண்ணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் வார்ப்பெடுத்துத் தீட்டி வைத்த பிரதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; சுவரில் இன்று வண்ணம் இல்லை.

சுவரின் கோடியில், தேர்களின் சத்தம் எட்டாத தொலைவில் என்று சொல்லத் தோன்றும் இடத்தில், காயம்பட்ட ஒரு நூபியரை இருவர் தோள்கொடுத்து ஊருக்குள் அழைத்து வருகிறார்கள். மரங்கள் நிற்கின்றன, ஒரு பெண் அடுப்பின் முன் குனிந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள், செய்தி இன்னும் அவளை எட்டவில்லை. தேர்ப்போர்ச் சுவர்களில் நான் பார்த்த ஒரே அடுப்பு இதுதான். நாளை அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும்.

அபு சிம்பெல், சனிக்கிழமை

அஸ்வானிலிருந்து தெற்கே 280 கி.மீ. பாலைவனச் சாலை. நான்கு பேருருவச் சிலைகளையும் அவற்றின் பின்னணியையும் படங்களில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். மலையைக் குடைந்த கோயில், 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, பழைய இடத்தை விட 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதல் மண்டபத்தின் வடசுவரில் அறுத்த இடங்கள் தெரிகின்றனவா என்று தேடினேன். தேடினால் மட்டும் தெரிகின்றன.

அந்த வடசுவர் முழுவதும் காதேஷ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். ஒரே சுவரில் போர் தொடக்கம் முதல் முடிவு வரை. வெளிச்சுவர் அல்லாததால் வெயிலும் மணலும் அவ்வளவாக அரிக்கவில்லை. வண்ணத்தின் மிச்சங்களும் அங்கங்கே இருக்கின்றன. 1828-29-இல் எகிப்தியல் அறிஞர்கள் ஷாம்போலியனும் ரொசெல்லினியும் குழுவோடு வந்து இவற்றை வரைந்தெடுத்தபோது வண்ணம் மேலும் இருந்தது. ரொசெல்லினியின் படங்களில் குதிரைகளின் போர்வையும் தேர்களின் பக்கத் தட்டிகளும் பளிச்சென்று இருக்கும். அவற்றை மனத்தில் பூசிக்கொண்டு பார்த்தால் சுவர் உயிர் பெறுகிறது.

கீழ்ப் பாதியை இடமிருந்து வாசிக்க வேண்டும். முதலில் எகிப்தியப் படை அணிவகுத்துச் செல்கிறது. அடுத்து கேடய வேலிக்குள் பாசறை. இதுதான் என்னை நகரவிடாத பகுதி. நுகம் கழற்றிய குதிரைகள் தீனி தின்கின்றன, படைவீரர்கள் களைப்பாறுகிறார்கள், ஒரு மூலையில் அரச கூடாரம். ஏமாந்த படையின் கடைசி அமைதியான நாழிகைகள் இவை. கலைஞருக்கு இந்தப் பகுதியை மூன்று நான்கு உருவங்களில் முடித்துவிட எல்லாச் சலுகையும் இருந்தது; மாறாக, ஒரு பாசறையில் வேலைக்காரர்களும் விலங்குகளும் என்னென்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்தவர் போல நிரப்பியிருக்கிறார். அதற்கு வலப்புறம் மன்னரின் ஆலோசனையும், கீழே அடிபடும் ஒற்றர்களும். அதைத் தாண்டி இரு தரப்புத் தேர்களும் மோதுகின்றன. எகிப்தியத் தேரில் இருவர், ஹிட்டைட் தேரில் மூவர். கூடுதலான அந்த ஒருவரால் கைகலப்புக்கு வலு சேரும், தேரின் வேகம் குறையும் என்பது மைத்துனர் கணக்கு.

கலைஞர்கள் மறைக்காத இன்னொன்றையும் காதேஷ் ஓவியங்களில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாசறை கொள்ளையடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அமுர்ரு கரையிலிருந்து 'நியாரின்' என்று குறிக்கப்படும் ஒரு தனிப்படை வந்து ஹிட்டைட்டுகளைத் தாக்கியது. மன்னர் உயிரோடு மீண்டது இவர்களால்தான் என்று கருத எல்லாக் காரணமும் இருக்கிறது. நீண்ட பாடல் இவர்களை ஏறக்குறையப் பேசாமல் விட்டுவிடுகிறது. பேசினால் தனிமை கெட்டுவிடும். இவர்களின் வருகையை வெளிப்படையாகச் சொல்வது, படத்தோடு சேர்த்து எழுதிய சிறு குறிப்புதான். அரசவைப் புலவருக்கு முடிந்த மௌனம், வெட்டுவோருக்கு முடியவில்லை.

மேல் பாதியில் இடப்புறம், சூழ்ந்து நிற்கும் தேர்களுக்கு நடுவே மன்னர் பாய்கிறார். வலக்கோடியில் அவர் தேரில் நின்றிருக்க, பகைவரிடமிருந்து வெட்டிய கைகளை அதிகாரிகள் எண்ணிக் கணக்கிடுகிறார்கள், கட்டுண்ட கைதிகள் வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, நீர் சூழ, காதேஷ். கர்னாக்கில் எழுந்த கேள்வியோடு அதன் முன் நின்றேன். மதில்களில் காவலர்கள் நிமிர்ந்து நின்று போரைப் பார்க்கிறார்கள். ஏணி சாத்தவில்லை, கதவு உடையவில்லை, அம்பு தைக்கவில்லை. எதிர்ச்சுவரில், தென்புறம், மன்னர் இன்னொரு சிரியக் கோட்டையைத் தாக்கும் காட்சியோடு ஒப்பிட்டேன். அங்கே முற்றுகையில் அகப்பட்டவர்களின் நிலை வேறு. ஒரே மண்டபத்தில், ஒரே மன்னருக்காகச் செதுக்கியவர்கள், பிடிபடும் ஊரையும் பிடிபடாத ஊரையும் வேறுபடுத்தியே காட்டியிருக்கிறார்கள். காதேஷை வென்றதாக ராம்சேஸின் பாடலும் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெற்றுச் சொல்லில் சொல்லாமல் விடுவது எளிது. சுவரின் நடுவில் கோட்டையை வைத்தே தீர வேண்டிய ஓவியர், அதை வீழாத கோட்டையாகவே வைத்தார்.

வெளியே வந்து மேடையின் தென்கோடியில் உள்ள கல்வெட்டைக் கடைசியாகப் பார்த்தோம். ராம்சேஸின் முப்பத்து நான்காம் ஆண்டில் ஹிட்டைட் இளவரசி ஒருத்தி எகிப்துக்கு மணமகளாக வந்ததைக் கூறுவது இது. மேலே உள்ள படத்தில் ராம்சேஸ் தெய்வங்களோடு அமர்ந்திருக்கிறார். எதிரே தம் மகளை முன்னிறுத்தி, வணங்கிய கைகளோடு ஹத்துசிலி. உள்ளே வடசுவரில் எதிர்த்துப் போரிட்ட முவதல்லியின் தம்பி, வெளியே தென்கோடியில் ராம்சேஸின் மாமனார். ஹத்துசிலி தம் வாழ்நாளில் எகிப்து மண்ணை மிதித்தாரோ இல்லையோ, கல்லில் வணக்கத்தோடு வந்து நிற்க வைத்துவிட்டார்கள். "இந்தப் படத்தில் மட்டும் தேரே இல்லை" என்றார் மைத்துனர், குறைபட்டுக்கொண்டு.